வார்த்தைக்கு இருபது பென்ஸ்

செவ்வாய் மாலை நான்கு மணிக்குள் கொடுத்தால்
வெள்ளிக்கிழமைத் தாளில் வந்துவிடும்.
டிராக்டர், கன்றுக்குட்டி,
ஒரே ஒருமுறை உடுத்திய கல்யாண கவுன்,
மேற்கு அயர்லாந்தில் எங்கள் பக்கத்தில்
கை மாறுவதெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான்.
வார்த்தைக்கு இருபது பென்ஸ்.

ஃபின்டன் மல்க்வீன் வந்த அன்று
தொப்பியிலிருந்து மழை என் ரசீதுப் புத்தகத்தில் சொட்டியது.
ஒரே மூச்சில் ஒப்பித்தார்:
க்ளூன்மோர் கிங்கின் தாய்க்கு வேறொரு குதிரையிடம் பிறந்த
தம்பியின் மகளுக்குப் பிறந்த மகளின் மகன்.
நேர்மையான மனிதர். கையில் சில்லறை குறைவு.
பதினொரு வார்த்தை, என்றேன்,
அதற்கு மட்டும் இரண்டு பவுண்டு இருபது.
அவர் முகம் போன போக்கைப் பார்த்து
நானேதான் பென்சிலை எடுத்தேன்.
"க்ளூன்மோர் கிங் உறவு."
மூன்றே வார்த்தை, அறுபது பென்ஸ்.
பொய்யில்லையே, என்றார்.
பொய்யில்லை, என்றேன்.

சாம்பல் நிறம். நான்கு வயது. காயடித்தது.
இடது காதில் கிழிசல்,
முள்கம்பியோ நாயோ, யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷம் கழித்து அந்தக் காது
லோர்கன் ஹெனெகனின் கையெழுத்தில் திரும்பி வந்தது.
"கிங்கின் பேரன்."
உறவு என்று போட்டிருந்தீர்களே, என்றேன்.
பேரன் உறவில்லையா? என்றார்.
எனக்குப் பதில் வரவில்லை.
வரிசையில் பின்னால் நின்றவள் இருமினாள்.

அதற்கடுத்து, பளபளக்கும் பூட்ஸ் போட்ட தரகன்.
"கிங்கின் மகன். பத்திரம் தபாலில்."
கிங்கைப் புதைத்து
பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த மகன்.
தபால்காரரை எனக்குத் தெரியும்.
அப்படியொரு உறையை அவர் இன்றுவரை சுமக்கவில்லை.
ஆனாலும் வார்த்தைகளை எண்ணினேன்,
காசு வாங்கினேன், ரசீது கிழித்தேன்.

நமக்கெல்லாம் வயதாக ஆக
முன்னோர் தூரமாகப் போகிறார்கள்.
இவனுக்கு மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தார்கள்.
இன்னும் இரண்டு கை மாறினால்
இவனே க்ளூன்மோர் கிங்.

வாங்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்.
பல் வயதைச் சொல்லும்.
அப்பனைச் சொல்லும் பல் எந்த வாயிலும் இல்லை.
அம்மாவை யாரும் கேட்பதே இல்லை.
கடற்கரையிலிருந்து பாசி சுமந்தவள் ஒருத்தி,
அவளுக்கு முன்னால் கரிமண் வண்டி இழுத்தவள் ஒருத்தி,
இந்தக் குளம்பும் இந்தப் பொறுமையும் அவர்கள் கொடுத்தது.
விளம்பரத்தில் அவர்களுக்குப் பெயர் இருந்ததில்லை.
அதுவும் போக,
காயடித்தவனுக்கு வம்சம் எதற்கு?
எங்கே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறான்?

போன வசந்தத்தில் ஓர்லா கில்மார்ட்டின் வந்தாள்.
மகள் டப்ளினுக்குப் போய்விட்டாளாம்,
ஏற ஆளில்லை.
"சாம்பல் குதிரை. பதினேழு வயது.
பிள்ளைகளிடம் சாது. காது கிழிந்தது.
அப்பன் யாரென்று தெரியாது."
எண்ணினேன். பதினொன்று.
இப்போது வார்த்தைக்கு முப்பத்தைந்து.
மூன்று பவுண்டு எண்பத்தைந்து, என்றேன்.
குறைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

வெள்ளி கழிந்தது, சனி கழிந்தது.
திங்கள் காலை, சந்தையின் சத்தத்துக்கு நடுவிலிருந்து
ஓர் ஆண்குரல் அலுவலகத்துக்கே போன் செய்தது.
காது கிழிந்தது என்று போட்டிருக்கிறதே,
கிங்கின் மகன்தானே அது?
அப்படி எதுவும் போடவில்லையே, என்றேன்.
அதைத்தான் சொல்கிறேன், என்று சிரித்தார்,
அந்தப் பொம்பளைக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை.
நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

போனை வைத்த பிறகு
பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன்.
மல்க்வீனின் தொப்பி நனைத்த பக்கம்
இன்னும் சுருங்கியே இருந்தது.
மை கலைந்து
கிங் எங்கே முடிகிறான், உறவு எங்கே தொடங்குகிறது
என்று தெரியவில்லை.
கையெழுத்து மட்டும் என்னுடையது.